உயில் இருக்கிறது, எந்த வக்கீலிடம் போவது?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கும்பகோணத்தில் அவர் சம்பாதித்துக் கட்டிய வீட்டை எனக்கும், வங்கி வைப்புத்தொகையை எனக்கும் தம்பிக்கும் சரிபாதியாகவும் உயில் எழுதிவிட்டுக் காலமானார். உயில் இங்கேயே எழுதப்பட்டது, பதிவு செய்யவில்லை. சாட்சிகளில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவருக்கு எண்பது வயதுக்கு மேல். வைப்புத்தொகைக்குத் தம்பிதான் நாமினி. முழுவதும் தனக்கே என்கிறான். உறவினர் அழைத்துப்போன வக்கீல், “புரோபேட் (உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் சான்று) வாங்கியே ஆக வேண்டும். கிடைப்பதில் பத்து சதவீதம் கொடுங்கள், அசல் உயிலை வைத்துவிட்டுப் போங்கள்” என்கிறார். நம்பலாமா? (நாங்கள் இந்துக்கள்.)
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்தப் பத்து சதவீதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. வழக்கில் கிடைப்பதில் பங்கு பேசக் கூடாது என்று பார் கவுன்சில் விதியே தடுக்கிறது. அதைத் தெரிந்தே கேட்கிறவரிடம் அப்பாவின் சொத்தை ஒப்படைக்காதீர்கள்.

புரோபேட் விஷயத்திலும் அவர் உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார். இந்துக்கள் எழுதிய உயிலுக்குப் புரோபேட் கட்டாயம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது சென்னை போன்ற நகரங்களுக்கு. கும்பகோணத்தில் எழுதி, கும்பகோணத்து வீட்டைப் பற்றிப் பேசும் உயிலுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததே இல்லை. தவிர, உயிலில் நிறைவேற்றுநர், அதாவது உயில்படி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளர், என்று ஒருவரை அப்பா குறிப்பிட்டிருந்தால்தான் புரோபேட்டே கிடைக்கும். இல்லாவிட்டால் கேட்க வேண்டியது நிர்வாக உரிமைப் பத்திரம், அதாவது அந்தப் பொறுப்பை ஒருவருக்கு நீதிமன்றமே கொடுக்கும் ஆணை. உயிலை முழுக்கப் படித்தவர் அதைத்தான் முதலில் பார்த்திருப்பார்.

நல்ல சிவில் வக்கீலை அவர் கேட்கும் கேள்வியில் கண்டுகொள்ளலாம். உயிலை விரித்ததும் கடைசிப் பக்கத்துக்குப் போவார். சாட்சிக் கையெழுத்து இரண்டு இருக்கிறதா, அப்பா கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்தார்களா, யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். பதிவாகவில்லை என்பதால் உயில் செல்லாமல் போகாது. ஆனால் தம்பி மறுத்தால், உயிரோடிருக்கும் சாட்சி நீதிமன்றத்தில் பேசியாக வேண்டும். அந்தப் பெரியவர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே வேலை தொடங்க வேண்டும். இதைக் கேட்காமல் சதவீதம் பேசியவரை என்னவென்று சொல்வது!

அசல் உயில் உங்கள் பீரோவில் இருக்கட்டும். ஆலோசனைக்கு நகல் போதும். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் நாளில் அசலைக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கட்டணத் தகராறைக் காட்டி வக்கீல் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்க முடியாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. கட்டணத்தையும் நீதிமன்றச் செலவையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பியிடமும் ஒரு வார்த்தை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை, அவ்வளவே. 2010-இல் தல்வார் வழக்கில் உச்ச நீதிமன்றம் வங்கிக் கணக்குக்கே இதைச் சொன்னது. வக்கீல் மூலம் ஒரு நோட்டீஸ் போனாலே பல தம்பிகள் இறங்கிவருவதைப் பார்த்திருக்கிறேன்.

எங்கே தேடுவது? உறவினரின் சிபாரிசை விடுங்கள். நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழு அலுவலகம் எங்கே என்று விசாரித்துப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணை அழையுங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்ற ஒன்றே தகுதி. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் கேட்கலாம். அங்கே போகும்போது உயில் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.