கிருஷ்ணகிரியிலிருந்து போய்ச் சாப்பிட, பெங்களூரில் உயர்தர சுஷி உணவகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கிலோமீட்டர்; ஓசூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கம். ரெசிடென்சி சாலையில் ஐடிசி கார்டெனியா ஹோட்டலுக்குள் இருக்கும் எடோ என்ற ஜப்பானிய உணவகத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

எந்த உணவகமானாலும் முதலில் போன் போட்டு, மீன் எந்தக் கிழமைகளில் வந்து இறங்குகிறது என்று கேளுங்கள். அந்த நாளுக்கே டேபிள் புக் செய்யுங்கள். சமையல்காரருக்கு எதிரே உட்காரும் கவுன்ட்டர் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள்.

அப்புறம் சோறு. சுஷியில் பாதி விஷயம் அதுதான். வினிகர் கலந்த சோறு ஏறக்குறைய உடல் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிஜ் குளிர்ச்சியோடு வந்தால் முன்பே பிடித்து வைத்தது என்று அர்த்தம். மெனு முழுக்க மயோனைஸ் வழியும் ரோல்கள் என்றால் நான் எழுந்துவிடுவேன்.

ஒமகாசே என்பது தேர்வைச் சமையல்காரரிடமே விட்டுவிடுவது. பில் எகிறும், தொகையை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை மீன் வேண்டாம் என்பவர்களுக்கு வேகவைத்த இறால், முட்டை சுஷி உண்டு.