வெளிநாட்டவருக்கு வீடு விற்கலாமா?

கேள்வி: தாய்லாந்தில் தொடர்மாடிக் கட்டடங்களில் வெளிநாட்டவருக்கு இருந்த 49 சதவீத வரம்பை 75 ஆக்கப் பார்த்தபோது, நாட்டையே விற்கிறார்கள் என்று பெரிய எதிர்ப்பு வந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் அறுகம்பேயைப் பார்த்தால், இங்கேயும் வெளிநாட்டவருக்கு ஒரு வீடுகூட விற்கக் கூடாது என்று சட்டம் வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? – வாசகர் ஒருவர், பொத்துவில்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் கோபப்பட வேண்டிய இடம் தொடர்மாடி இல்லை.

தாய்லாந்தில் வெளிநாட்டவர் பொதுவாக நிலம் வாங்க முடியாது, தொடர்மாடியில் வீடு வாங்கலாம், அதுவும் கட்டடத்தின் மொத்த வீட்டுப் பரப்பில் 49 சதவீதத்துக்குள். 1997 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 1999இல், சில நிபந்தனைகளோடு 5 வருடத்துக்கு அந்த வரம்பையே தளர்த்தினார்கள். 2024இல் ஸ்ரெத்தா தவிசின் அரசு அதை 75 ஆக்கவும், நிலக் குத்தகையை 30 வருடத்திலிருந்து 99 வருடமாக்கவும் ஆராயச் சொன்னபோதுதான் நீங்கள் சொல்கிற எதிர்ப்பு கிளம்பியது. ஆனால் இந்தச் சதவீதக் கணக்கு எதிலும் சேராமல், புக்கெட், சாமுய் தீவுகளில் உள்ளூர்க்காரர் பெயரில் கம்பனி பதிந்து வெளிநாட்டவர் நிலம் வைத்திருப்பது வருடக்கணக்காக நடக்கிறது. நமக்கு அங்கிருந்து படிக்க வேண்டியது அதைத்தான்.

இங்கே 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதை ஏற்கெனவே தடுத்துவிட்டது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. சட்டம் வந்த நேரம் அதுவும் நாலாம் மாடியும் அதற்கு மேலும்தான், காசு முழுவதும் உறுதி எழுதுவதற்கு முன்பே வெளிநாட்டிலிருந்து வந்துசேர வேண்டும். கொழும்பில் பன்னிரண்டாம் மாடியில் ஒருவர் வீடு வாங்கினால் நாட்டுக்கு டொலர் வருகிறது, எந்த மீனவரின் வழியும் அடைபடுவதில்லை. அதே சட்டம் 99 வருடம் வரை காணியைக் குத்தகைக்குக் கொடுக்க விடுகிறது, மூன்று தலைமுறை, அதைப் பற்றி யாரும் கூட்டம் போட்டுப் பேசியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கனடாவிலோ சுவிசிலோ குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை எடுக்காமல் விட்ட நம் அண்ணன் தம்பிமாரும் இந்தச் சட்டத்தின் முன் வெளிநாட்டவர்தான். களுவாஞ்சிக்குடியில் ஒரு துண்டுக் காணி வேண்டுமென்று காசு அனுப்பித் தங்கச்சி பெயரில் உறுதி முடிக்கிறார்கள், அப்புறம் மருமக்கள் வளர்ந்து பங்கு கேட்கிறபோது குடும்பமே முகம் பார்க்காமல் போகிறது. அவர்கள் தங்கள் சொந்தப் பெயரில் காசு கொடுத்து வாங்கக்கூடியது தொடர்மாடி வீடு ஒன்றுதான். அதையும் மூடச் சொல்கிறீர்களா?

அறுகம்பேயில் உங்களை உறுத்துவது வீடு இல்லை, கடற்கரை. உள்ளூர்க்காரர் பெயரில் பலகை, உள்ளே முதலாளி வேறு ஆள் என்று ஊரே பேசுகிறது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது காணி வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், அப்படியிருந்தும் முத்திரை ஒட்டிய ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள் நம் ஆட்கள்தான், அதில் வெளிநாட்டுக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? தோணி இழுக்கிற இடமும் கரைவலை போடுகிற இடமும் கடலுக்கு இறங்குகிற ஒழுங்கையும் முதலில் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும், அவற்றை எந்த நாட்டவருக்கும், கொழும்புக்காரருக்கும்கூட, குத்தகைக்குக் கொடுக்கக் கூடாது. நான் கேட்கிற சட்டம் அது.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் பிரதேசத்தில் எந்தெந்த அரச காணி யாருக்கு எத்தனை வருடக் குத்தகையில் இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். விண்ணப்பத்தின் பிரதியை எங்களுக்கும் அனுப்புங்கள், வருகிற பதிலை இதே பக்கத்தில் போடுகிறோம்.