வேக்ஸ் மட்டும்தான் போட்டேன் என்கிறார் கடைக்காரர். பெயிண்ட் எங்கே போனது?

கேள்வி: வக்கீல் சார், நாங்கள் பெங்களூரு ராமமூர்த்திநகரில் இருக்கிறோம். நான்கு வருடம் ஓடிய சிவப்பு கார். வெயிலிலும் மரத்தடியிலும் நிறுத்தி மினுமினுப்பு போய்விட்டதே, வேக்ஸ் பாலிஷ் போடலாம் என்று ஒரு டீடெய்லிங் கடைக்குக் கொண்டுபோனேன். "வேக்ஸ் ரெண்டு மாசம்கூட தாங்காது, செராமிக் கோட்டிங் போடுங்க, அஞ்சு வருஷம் வாரண்டி" என்று பேசிப் பேசி 22,000 ரூபாய்க்குச் சம்மதிக்க வைத்தார்கள். 15,000 யூபிஐயில் கொடுத்தேன். மூன்றாவது முறை கழுவியதும் வெயிலில் பார்த்தால் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கீறல். முன் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் பளபளப்பே இல்லாமல் இருக்கிறது. கேட்டால், "நாங்க வெறும் வேக்ஸ்தான் சார் போட்டோம், வேக்ஸ் பெயிண்டை அரிக்காது, உங்க பெயிண்ட் பழசு" என்று வாட்ஸ்அப்பில் பதில். ஜாப் கார்டில் "சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சடித்து என் கையெழுத்தும் இருக்கிறது. இலவசமாக இன்னொரு வேக்ஸ் போட்டுத் தருகிறோம் என்கிறார்கள், பாக்கி 7,000 ரூபாயும் கேட்கிறார்கள். மைத்துனர் போலீஸுக்குப் போகலாம் என்கிறார். ஜாப் கார்டு, பானெட் படங்கள், வேலை நடக்கும்போது கடையிலிருந்து வந்த வீடியோ எல்லாம் அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போடலாமா? அதுவரை எந்த வேக்ஸ் போட்டால் அந்த இடம் மறையும்?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். எந்த வேக்ஸும் போடாதீர்கள், அவர்கள் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்பதற்கும் தலையாட்டாதீர்கள். உங்கள் வழக்கின் முக்கியமான சாட்சி அந்த பானெட்தான். வேக்ஸிலும் கிளேஸ் என்று விற்பதிலும் இருக்கும் எண்ணெய் கீறலின் பள்ளத்தை நிரப்பிவிடும். நாலைந்து தரம் கழுவினால் கீறல் திரும்ப வரும், ஆனால் அதற்குள் அவர்கள் "சரிசெய்து கொடுத்துவிட்டோம்" என்று பளபளக்கும் காரைப் படமெடுத்து வைத்திருப்பார்கள்.

உங்கள் கடைக்காரர் சொன்னதில் ஒரு பாதி சத்தியமான உண்மை, அவரை மாட்டிவிடப் போவதும் அதுதான். வேக்ஸ் பெயிண்டை அரிக்காது. கார்னோபா ஆகட்டும் (பிரேசில் பனை ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு), செயற்கை சீலன்ட் ஆகட்டும், எல்லாம் மேலே படிகிற சமாச்சாரம். பாலிஷும் காம்பவுண்டும் அப்படி இல்லை, அவற்றில் அரம்போலத் தேய்க்கும் நுண்துகள் இருக்கிறது, தேய்த்து எடுப்பதுதான் வேலையே. நிறத்துக்கு மேல் இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் 35 முதல் 50 மைக்ரான் வரைதான், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. ரோட்டரி மிஷினை (ஒரே அச்சில் சுற்றித் தேய்க்கும் பாலிஷ் மிஷின்) விளிம்பிலோ மடிப்பிலோ கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் அந்த இடம் சூடேறி, கிளியர் கோட் போய் நிறம் வெளியே தெரியும். நீங்கள் சொல்லும் உள்ளங்கை அகல வெளுப்பு, அதுவும் முன் விளிம்பில் என்றால், படத்தைப் பார்த்த எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

இப்போது ஜாப் கார்டையும் வாட்ஸ்அப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கார்டில் "பெயிண்ட் கரெக்ஷன், 9 ஹெச் செராமிக், 5 ஆண்டு வாரண்டி". வாட்ஸ்அப்பில் "வெறும் வேக்ஸ்". வேக்ஸ்தான் போட்டார் என்றால் செராமிக் என்று சொல்லிப் பணம் வாங்கியது நேர்மையற்ற வணிக நடைமுறை. செராமிக் போட்டார் என்றால் அதற்கு முன் கரெக்ஷன் என்ற பெயரில் தேய்த்திருக்கிறார், அந்தத் தேய்ப்பு எப்படி நடந்தது என்று அவர்தான் பதில் சொல்ல வேண்டும். எதைச் சொன்னாலும் சிக்கல். (9 ஹெச் என்பது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு, வைரத்துக்குப் பக்கத்தில் வரும் கடினம் என்று கடையில் சொல்லியிருந்தால் அதையும் எழுதி வையுங்கள்.)

வேலை நடக்கும்போது கடையிலிருந்து உங்களுக்கு அனுப்பிய வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நாற்பதாவது நொடியில் பையன் மிஷினைத் தூக்கும்போது வெள்ளை உல்லன் பேட் ரோஜா நிறத்தில் இருக்கிறது. கிளியர் கோட் அடித்த காரில் பேடில் வெள்ளைப் பொடிதான் வர வேண்டும். காரின் நிறம் ஏறினால் கிளியர் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். சில சிவப்புகளில் கிளியர் கோட்டிலேயே சாயம் கலந்திருக்கும், எதிர்த்தரப்பு அதைத்தான் சொல்லும். அதனால் வீடியோவை மட்டும் நம்ப வேண்டாம். போனில் வந்த மூலக் கோப்பை அழிக்காதீர்கள், பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்வோம்.

அடுத்து அளவு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) உரிமம் பெற்ற ஒரு மோட்டார் சர்வேயரைக் கூப்பிட்டு, பெயிண்ட் தடிமன் மீட்டரால் பானெட்டில் குறைந்தது இருபது இடத்திலும், தொடாத ஏதாவது ஒரு பேனலிலும் அளந்து எழுதி வாங்குங்கள். மீட்டர் மொத்தப் பூச்சைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது, எனவே ஒப்பீடுதான் முக்கியம். கதவைத் திறந்து உள்விளிம்போடு ஒப்பிடாதீர்கள், அங்கே தொழிற்சாலையிலேயே மெல்லிதாகத்தான் அடிப்பார்கள். பம்பர் பிளாஸ்டிக், சாதாரண மீட்டர் அதில் வேலை செய்யாது. நீங்கள் அனுப்பிய பதினொரு படத்தில் ஒன்பதில் தெரிவது உங்கள் அபார்ட்மென்டின் பிம்பம்தான். இருட்டில் நிறுத்தி, எல்இடி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள்.

"பொறுப்பல்ல" என்ற அந்த வரியைப் பார்த்துப் பயந்துவிட்டீர்கள், உங்களைச் சொல்லிக் குற்றமில்லை, அதற்காகத்தான் அச்சடிக்கிறார்கள். 1998இல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் வேலட்டிடம் (காரை வாங்கி நிறுத்தும் ஊழியர்) கொடுத்த மாருதி ஜென் திருடுபோனது. டோக்கனில் இதே மாதிரி "உங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று இருந்தது. 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தன் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஓட்டல் இப்படி ஒரு வரியைக் காட்டி நழுவ முடியாது, உரிய கவனம் எடுத்தோம் என்று முதலில் நிரூபிக்க வேண்டியது ஓட்டல்தான் என்றது. ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, நம்பி ஒப்படைத்த பொருளைத் தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. உங்கள் காரும் அப்படி ஒப்படைத்த பொருள்தான்.

இதில் ஒரு சூட்சுமம். அந்த வரியே அநியாய ஒப்பந்தம், ரத்து செய்யுங்கள் என்று தனியாகக் கேட்டால் வழக்கு மாநில நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். 22,000 ரூபாய் விவகாரத்துக்கு அது எதற்கு? சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை (என் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டுதான் சொல்கிறேன்). இரண்டு வருடம் காலக்கெடு. எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் நீளும்.

நீளும் என்பதால்தான் அடுத்தது. கிளியர் கோட் இல்லாத பெயிண்ட் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், தீர்ப்பு வரும்வரை காரை அப்படியே விட்டால் "சேதத்தைக் குறைக்க இவர் எதுவும் செய்யவில்லை" என்பார்கள். எனவே ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ்: பத்து நாளுக்குள் வந்து காரைப் பார்வையிடுங்கள், வராவிட்டால் சர்வேயர் அறிக்கையோடு பெயிண்ட் அடித்துக்கொண்டு செலவை உங்களிடம் கேட்பேன். வந்தாலும் நல்லது, வராவிட்டால் இன்னும் நல்லது. அதற்குள் இரண்டு இடத்தில் எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள், நிறம் ஒட்டுவதற்குப் பக்கத்து ஃபெண்டர் வரை அடிக்க வேண்டுமா என்பதையும் எழுதச் சொல்லி. கொடுத்த 15,000, பெயிண்ட் செலவு, சர்வேயர் கூலி, நியாயமான மன உளைச்சல் தொகை, இவ்வளவு போதும். பத்து லட்சம் கேட்டால் ஆணையம் உங்களை வேறு கண்ணோடு பார்க்கும்.

பாக்கி 7,000 கொடுக்க வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்காதீர்கள், ஏன் நிறுத்தி வைக்கிறேன் என்று நோட்டீஸிலேயே ஒரு பத்தி எழுதுங்கள். கூலி வரும்வரை பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை ரிப்பேர்காரருக்கு உண்டு, காரைத் திருப்பிக் கொடுத்ததோடு அது போய்விட்டது. பாக்கி வைத்ததால் நீங்கள் நுகர்வோர் இல்லை என்றும் ஆகிவிடாது, பகுதி கொடுத்து பகுதி தருவதாகச் சொன்னவரும் நுகர்வோர்தான். காரை வாடகைக்கு ஓட்டுகிறீர்கள் என்றால் மட்டும் முன்பே சொல்லுங்கள், வாதம் கொஞ்சம் மாறும்.

மைத்துனரிடம் போலீஸ் வேண்டாம் என்று சொல்லுங்கள். கை தவறியதற்குக் கிரிமினல் வழக்கு நிற்காது, ஸ்டேஷனில் "சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்புவார்கள். வழக்குப் போடுவதற்கு முன் 1915க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். இந்த அளவு தொகை பல நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

வேக்ஸ் கேள்வியை விட்டுவிடவில்லை. மற்ற பேனல்களுக்கு இப்போதே போடலாம். டப்பாவில் "கிளீனர் வேக்ஸ்" என்று இருந்தால் அதிலும் லேசாகத் தேய்க்கும் துகள் இருக்கும், வேண்டாம், வெறும் பேஸ்ட் வேக்ஸோ சீலன்டோ வாங்கி, நிழலில், பேனல் ஆறியதும், கையால் போடுங்கள். பானெட்டுக்குப் புது பெயிண்ட் அடித்த பிறகு உடனே எதுவும் பூசாதீர்கள், பெயிண்ட் உள்ளுக்குள் காய ஒரு மாதமாவது விடுங்கள், பெயிண்டர் இன்னும் அதிகம் சொன்னால் அவர் சொன்னபடி. மிஷின் பிடிக்கிறேன் என்று யாராவது வந்தால் ரோட்டரியா, டூயல் ஆக்ஷனா (சுற்றிக்கொண்டே அசைவதால் சூடு குறைவான மிஷின்) என்று கேட்டு, தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எத்தனை மைக்ரான் என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள்.

கடைக்காரர் மறுபடி போன் செய்து "வாங்க சார், பேசித் தீர்த்துக்கலாம்" என்றால் போங்கள், தப்பில்லை. காரை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் போங்கள்.