கொடுத்த காசைக் கேட்க வருமா?

தொழில்: கேள்வி - பதில்

கேள்வி: எனக்கு 37 வயது. பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 14 வருடமாக இருக்கிறேன், இப்போது வி.எம்.சி. செட்டர், அதாவது கம்ப்யூட்டர் மூலம் உலோகம் வெட்டும் மெஷினை வேலைக்குத் தயார் செய்கிறவன். சம்பளம் 38,000, அதில் அடிப்படை 20,000. அடுத்தவர் தரும் பொருளைக் கூலிக்கு வெட்டிக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றைச் சொந்தமாகப் போட ஆசை. பழைய மெஷின் ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. பி.எஃப். பணமும் மனைவியின் நகையுமாக 4 லட்சம் புரட்டிவிடலாம், மீதி 10 லட்சம் லோன். "நீ போடு, ஆர்டர் நான் தர்றேன்" என்று எங்கள் முதலாளியே சொல்கிறார். வீட்டுச் செலவு மாதம் 35,000. வேலை எனக்கு அத்துப்படி. பணத்துக்கு அலைகிறவன் இல்லை. மச்சினனுக்கு 15,000 கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது, அதைக்கூட இதுவரை கேட்டதில்லை. நான் தொழில் தொடங்கத் தயாரா?
(பெயர் வேண்டாம், கணபதி, கோவை)

பதில்: தம்பி, கடிதம் முழுக்க மெஷினைப் பற்றி எழுதிவிட்டு கடைசியில் போகிற போக்கில் மச்சினன் கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். வேலை தெரியுமா, தைரியம் உண்டா என்பதெல்லாம் அப்புறம். கொடுத்த காசை, உறவும் முறியாமல் முகமும் சுளிக்காமல், கேட்டு வாங்க வருமா? ஜாப் ஒர்க்கில் பாதி வேலை அதுதான்.

எனக்கு வரவில்லை. அட்டைப்பெட்டி யூனிட் நடத்திய காலத்தில் ஒரு பார்ட்டி எனக்கு 62,000 தர வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை போனால் "செவ்வாயும் வெள்ளியும் நாங்க பணம் வெளியே கொடுக்கறதில்லையே" என்பார்கள். புதன் போனால் செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் ஊரில் இல்லை. வியாழன் போனால் நல்ல டீயாக வாங்கிக் கொடுத்து, பிள்ளைகள் படிப்பையெல்லாம் விசாரித்து, வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள், நானும் கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டு வண்டியை எடுப்பேன். அந்த வாரச் சம்பளத்தை வட்டிக்கு வாங்கித்தான் போட்டேன். பெட்டி ஒட்டுவதில் என்னைவிட சுத்தமான ஆள் அந்த வட்டாரத்தில் கிடையாது, ஆனாலும் மூன்றாம் வருடம் ஷட்டரை இறக்கினேன்.

சரி, உங்கள் கணக்கைப் பார்ப்போம். லோன் தவணை 26,000, ஷெட் வாடகை 12,000, ஓர் ஆபரேட்டர் 20,000, கரண்ட் 9,000, டிப் (வெட்டும் முனை), கூலன்ட் (சூடு தணிக்கும் திரவம்) வகையில் 8,000 என்று வைத்தால் மாதம் 75,000. முதல் மாத வேலைக்கு மாதக் கடைசியில் பில் போடுவீர்கள், 90 நாள் கழித்துப் பணம் வரும் என்றால் நான்காம் மாதம் முடியும்வரை உள்ளே ஒரு ரூபாய் வராது. யூனிட்டுக்கு 3 லட்சம், வீட்டுக்கு 1.4 லட்சம், ஆக 4.4 லட்சம் கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் 4 லட்சமோ முழுசாக மெஷினுக்குள் போய்விடுகிறது. ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால் இடையில் அதைக் கட்ட வேண்டிய தேதி வேறு வந்து நிற்கும், பார்ட்டி பணம் கொடுத்தாரா இல்லையா என்று அது கேட்காது.

இன்னொன்று, ரேட் போடுவது. ஒரு பீஸுக்கு எத்தனை நிமிடம் என்கிற சைக்கிள் டைம் செட்டருக்குத் தெரியும், மெஷின் ஒரு மணி நேரம் ஓட எவ்வளவு ஆகும் என்கிற மணி ரேட் தெரியுமா என்பது வேறு. 75,000-ஐ மாதம் 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 360 ரூபாய் வரும், 6 நிமிட பீஸுக்கு 36 ரூபாய், 40 கிடைத்தால் லாபம் என்று தோன்றும். ஆனால் செட்டிங், டிப் மாற்றுவது, கரண்ட் போவது, வெட்ட வேண்டிய காஸ்டிங் (வார்ப்பு) வராமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது எல்லாம் போக மெஷின் நிஜமாக வெட்டுவது நாளுக்கு ஐந்தரை மணி நேரம் என்றால், அதே பீஸ் 52 ரூபாய்க்கு மேல் அடக்கம். 40-க்கு ஒத்துக்கொண்டால் பீஸுக்கு 12 ரூபாய் கைநட்டம். இதில் உங்கள் சம்பளம் இன்னும் சேரவே இல்லை.

"ஆர்டர் நான் தர்றேன்" என்பதை நான் நம்பாமல் இல்லை. மாதம் எத்தனை பீஸ், என்ன ரேட், எத்தனை நாளில் பணம், ரிஜெக்ஷன் வந்தால் காஸ்டிங் விலையை யார் தலையில் கட்டுவார் என்று ஒரு தாளில் எழுதித் தருவாரா? இதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அப்போதும் நீங்கள் அவருடைய ஆள்தான், பி.எஃப். மட்டும்தான் இருக்காது.

சிறு தொழிலுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவைக் கட்டாயம் செய்துகொள்ளுங்கள், ஆன்லைனில் இலவசம், 3,000 ரூபாய் கேட்கிறவரிடம் போகாதீர்கள். 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி உங்களைப் போன்ற குறுந்தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சட்டம் நல்ல சட்டம். இருப்பதே ஒரு பார்ட்டி என்றால் அவர் மேல் யார் போய்ப் புகார் கொடுப்பது என்பதுதான் சிக்கல். அதனால் இரண்டாவது பார்ட்டி கிடைக்கும் வரை வேலையை விடாதீர்கள்.

கடிதத்தில் கிராஜுவிட்டி (பணிக்கொடை) பற்றி ஒரு வார்த்தை இல்லை. 14 வருடத்துக்கு, 20,000 அடிப்படையில், ஏறக்குறைய 1.6 லட்சம் உங்களுக்கு வர வேண்டும். ஆர்டர் தருகிறேன் என்கிற அதே முதலாளியிடம்தான் இதையும் கேட்க வேண்டும், புரிகிறதா? உங்கள் தொழிலின் முதல் வசூல் அதுதான்.

இப்போது தயாரா என்றால், இல்லை. முதலாளியிடம் சொல்லிவிட்டே, உங்கள் பகுதியில் சும்மா நிற்கும் மெஷின் ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்து, வெளி ஆர்டர் ஒன்றை எடுத்து, நீங்களே ரேட் பேசி, டி.சி. (டெலிவரி சலான்) போட்டு அனுப்பி, பணத்தைக் கையில் வாங்கும்வரை ஒரு சுற்று போய் வாருங்கள். வீட்டிலும் நான்கு மாதம் 25,000-க்குள் ஓட்ட முடிகிறதா என்று பாருங்கள், முடிந்ததா என்பதை உங்கள் மனைவி சொல்லட்டும். மச்சினனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போன் போடுங்கள்.

கேள்வி: வயது 52, ஏழாவது வரை படித்தேன். நான் அரைக்கும் இட்லி மாவைத் தெருவே மெச்சுகிறது. பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கலாமா? இந்த வயதில், இந்தப் படிப்புக்கு யார் லோன் தருவார்கள்?
(வாசகி, மதுரை)

பதில்: அம்மா, வயதும் படிப்பும் தடையே இல்லை. முத்ரா திட்டத்தில் சிஷு என்ற பிரிவில் 50,000 வரை கேட்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்திலும் மேல் வயது வரம்பு கிடையாது, உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் எட்டாவது பாஸ் கேட்பார்கள். மாவட்ட தொழில் மையத்தில் விசாரியுங்கள்.

ஆனால் மெச்சுகிற தெருவில் காசு கொடுத்து வாங்கியவர்கள் எத்தனை பேர்? கிண்ணத்தில் கடனாக வாங்கிப்போனவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். லோனுக்கு முன்னால் இரண்டு கடைக்கு மட்டும் தினம் பத்து பாக்கெட் ஒரு மாதம் போடுங்கள், எத்தனை திரும்பி வந்தது என்று காலண்டரில் தேதிக்குப் பக்கத்திலேயே குறியுங்கள். சித்திரை வெயிலில் மத்தியானத்துக்குள் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிப் புளித்துப்போகும், மார்கழியில் விடிந்தும் பொங்காமல் கிடக்கும், கடைக்காரர் விற்றதற்கு மட்டும்தான் காசு தருவார். பத்துக்கு ஒன்றுக்குள் திரும்பினால் தைரியமாகப் பெரிய கிரைண்டர் வாங்குங்கள். மூன்று, நான்கு என்று வந்தால் வீட்டில் தினமும் ஊத்தப்பம்தான். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு யார் அரைப்பது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவைத்துவிடுங்கள்.

கேள்வி: நண்பன் பணம் போடுகிறான், உழைப்பு என்னுடையது, ஆளுக்குப் பாதி. சரிதானா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: லாபம் வந்தால் சரிதான். நட்டம் வந்தால் அவர் தன் பணம் போச்சு என்பார், நீங்கள் உங்கள் இரண்டு வருடம் போச்சு என்பீர்கள். நீங்கள் மாதம் எவ்வளவு சம்பளமாக எடுப்பீர்கள், பிரிந்தால் யாருக்கு எது என்று பத்திரத்தில் எழுதி, பங்குதாரர் நிறுவனமாகப் பதிவும் செய்துவிடுங்கள். பதிவு கட்டாயமில்லைதான், ஆனால் பதியாத நிறுவனம் பாக்கி தராத வாடிக்கையாளர் மேல் வழக்குப் போட முடியாது. இந்தப் பேச்சை எடுத்ததும் நண்பர் கோபித்துக்கொண்டால், நல்லவேளை, கடைக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.