கல்லூரி விளையாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் மகளுக்கு எந்தப் பயிற்சி?

அன்புள்ள அக்கா,

தங்கச்சிமடத்திலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். மகள் பி.ஏ. முடித்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில், உடற்கல்வி இயக்குநரின் அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். போட்டிச் செய்திகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறாள், இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள், டோர்னமென்டுக்கு ஸ்பான்சர் பிடிக்கிறாள். இப்போது விளையாட்டு மேலாண்மையில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு ஓர் ஆன்லைன் டிப்ளமா சேர வேண்டும் என்கிறாள். வேலைக்குப் போன பிறகும் எதற்குப் படிப்பு, இது நிலைக்கிற வேலைதானா, நகையை வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை வைக்க வேண்டாம். உங்கள் வீட்டு வருமானம் விசைப்படகை நம்பி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் தவணை நிற்காது. ஒப்பந்தச் சம்பளத்தில் இருக்கும் பெண் தலையில் அந்தச் சுமையை ஏற்றுவது சரியில்லை.

அதற்காக அவள் ஆசைப்படுவது வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகும் கற்றுக்கொண்டே இருக்க வேண்டிய தொழில் இது. அமெரிக்கக் கல்லூரிகளில் விளையாட்டுச் செய்திகளை வெளியே கொண்டுபோவதற்கென்று தனிப் பதவியே உண்டு. அந்த வேலையில் இருப்பவர்கள் 1957இலேயே சங்கம் வைத்துவிட்டார்கள். கோசிடா என்று அறியப்பட்ட அந்தச் சங்கம், 2022இல் காலேஜ் ஸ்போர்ட்ஸ் கம்யூனிகேட்டர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மார்க்கெட்டிங் பக்கம் இருப்பவர்களுக்கு நாக்மா என்று தனி அமைப்பு. வருடாந்திர மாநாடு, புதியவர்களுக்கு மூத்தவர்களின் வழிகாட்டல் என்று, வேலையில் இருக்கும்போதே கற்றுக்கொள்வதற்கு அங்கே ஏற்பாடு இருக்கிறது.

நம் ஊர்க் கல்லூரிகளில் அப்படி ஒரு பதவி பெரும்பாலும் கிடையாது. உடற்கல்வி இயக்குநரே அணியைத் தேர்ந்தெடுப்பார், பஸ் பிடிப்பார், செய்தியும் அனுப்புவார். உங்கள் மகள் இருக்கும் இடம் கல்லூரி நிர்வாகம் விரும்பினால் நீடிக்கும், விரும்பாவிட்டால் இல்லை. இதை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே கற்கும் வேலை வேறு எங்கும் செல்லும். 2014இல் புரோ கபடி லீக் வந்தது, 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் வந்தது. இந்த மாதிரி லீக் அணிகளுக்கும், விளையாட்டுச் சங்கங்களுக்கும், செய்தி நிறுவனங்களுக்கும் தமிழில் பிழையில்லாமல் எழுதவும், ஆட்டத்தைப் புரிந்துகொள்ளவும், ஸ்பான்சரிடம் பேசவும் தெரிந்த ஆள் வேண்டும். அங்கே போய் நின்றால் சான்றிதழுக்கு முன்னால் அவள் செய்த வேலையைத்தான் கேட்பார்கள்.

ஆகவே, பெரிய பணத்தை ஒரே இடத்தில் கொட்டாமல், இந்த ஒரு சீசனில் கையில் இருக்கும் வேலையைக் கொண்டே மூன்று விஷயங்களை அவள் அழுத்தமாகக் கற்கட்டும்.

முதலாவது எழுத்து. 'எங்கள் கல்லூரி மாணவிகள் அபாரமாக விளையாடி வெற்றி பெற்றனர்' என்று வரும் செய்தியை வைத்து மாவட்டச் செய்தியாளர் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு மாதிரி சொல்கிறேன்: 'அழகப்பா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான மகளிர் கபடி அரையிறுதியில் எங்கள் அணி 34–29 என்று வென்றது. இடைவேளையில் 5 புள்ளி பின்தங்கியிருந்த அணியை, கடைசி 4 நிமிடத்தில் எடுத்த இரண்டு சூப்பர் டேக்கிள்கள் மீட்டன.' இப்படி எழுத அவளுக்கு ஸ்கோர் ஷீட் வாசிக்கத் தெரிய வேண்டும். களத்தில் மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரைடரை (பாடி வருபவரை) மடக்கினால்தான் அது சூப்பர் டேக்கிள், அதற்கு ஒரு புள்ளி கூடுதல் என்று தெரிய வேண்டும். வீராங்கனையின் முழுப் பெயர், படிக்கும் ஆண்டு, துறை, சொந்த ஊர் நான்கும் செய்தியில் இருக்க வேண்டும். பெரியபட்டினமோ திருப்பாலைக்குடியோ, ஊர்ப் பெயர் அச்சில் வந்தால் அந்த ஊரே அந்தப் பத்திரிகையை வாங்கிப் பார்க்கும். படத்தில் இருப்பவர்களின் பெயர் இடமிருந்து வலமாக. எல்லாம் யூனிகோடில். பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால் செய்தியாளரின் போனில் கட்டம் கட்டமாகத் தெரியும், அவர் அடுத்த செய்திக்குப் போய்விடுவார். ஆட்டம் முடிந்த அன்றே, மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

நம் கடலிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2022 மார்ச் 20 அன்று, ஆட்டிசம் உள்ள 13 வயது ஜியா ராய் இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு 13 மணி 10 நிமிடத்தில் நீந்தி வந்தாள். வயது, புறப்பட்ட இடம், கரையேறிய இடம், நேரம் நான்கும் சரியாகக் குறித்து வைக்கப்பட்டதால்தான் அது நாடு முழுக்கப் போனது. குறித்து வைக்க ஆளில்லாமல் எத்தனை பிள்ளைகளின் சாதனை நம் கரையோடு நின்றுவிட்டதோ என்று நினைக்கும்போது எனக்கு மனது கனக்கிறது. கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து யார் யார் பல்கலைக்கழக அணியில் ஆடினார்கள் என்ற பதிவேடு இருக்கிறதா என்று மகளைக் கேளுங்கள். இல்லையென்றால் அதை உருவாக்குவதுதான் அவளுடைய முதல் பெரிய வேலை.

இரண்டாவது ஸ்பான்சர். இது நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. ஊர்க் கபடிப் போட்டி நோட்டீஸில் முதல் பரிசு யார், சுழற்கோப்பை யார் என்று பெயர் போடுகிறார்கள், மைக்கில் பத்து முறை சொல்கிறார்கள். கல்லூரி டோர்னமென்டில் அதையே கணக்கோடு செய்ய வேண்டும். எந்தத் தேதி, எத்தனை அணி, பெயர் எங்கே வரும் (ஃபிளெக்ஸ், ஜெர்ஸியின் முதுகு, கோப்பை வழங்கும் மேடை), எந்தத் தொகைக்கு எது என்று ஒரே பக்கத்தில் கடிதம். ராமேஸ்வரம் ஓட்டல்காரர், பாம்பன் ஐஸ் கம்பெனி, படகு இன்ஜின் கடை, கீழக்கரையிலிருந்து வளைகுடா போய் நன்றாக இருக்கும் பழைய மாணவர் என்று கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். பணம் வாங்கிய பிறகுதான் பலர் காணாமல் போகிறார்கள். போட்டி முடிந்த ஒரு வாரத்துக்குள் அவர் பெயர் தெரியும் படங்கள், பத்திரிகை நறுக்கு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விவரம், நன்றிக் கடிதம் எல்லாவற்றையும் நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்த ஆண்டு கேட்காமலே தருவார்.

அடையாளத்தையும் இந்த மண்ணிலிருந்தே எடுக்கலாம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிக்கு வேலு நாச்சியாரைத்தான் 'வீரமங்கை' என்று சின்னமாக வைத்தார்கள். ராமநாதபுரம் சேதுபதி வீட்டுப் பெண் அவர். அதே போட்டியில் சிலம்பமும் செயல்விளக்க ஆட்டமாக இடம் பெற்றது. நம் கல்லூரி அணிகளின் போஸ்டரில் எங்கிருந்தோ எடுத்த சிங்கமும் புலியும் நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

மூன்றாவதாகச் சட்டமும் பாதுகாப்பும். பிள்ளைகளின் படத்தையும் விவரத்தையும் வெளியிடுவதற்கு முன் எழுத்தில் சம்மதம் வாங்க அவள் பழக வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் இருப்பவர் குழந்தை, அவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். முதலாமாண்டு மாணவிகளில் 17 வயதுக்காரர்கள் உண்டு. ஜெர்ஸியில் இருக்கும் பெண்ணின் படத்துக்குக் கீழே அசிங்கமாக எவனாவது எழுதினால் உடனே நீக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து உடற்கல்வி இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். மகளுக்கும் இதே பாதுகாப்பு வேண்டும். இரவு ஆட்டம் முடிந்து திரும்ப வண்டி யார் பொறுப்பு, வெளியூர்ப் பயணத்தில் பெண் ஆசிரியை வருகிறாரா, பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி கல்லூரியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா என்று அவள் கேட்கட்டும். தாயான நீங்களும் தயங்காமல் கேட்கலாம்.

படிப்பு வேண்டுமென்றால் வழிகள் உண்டு. மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடங்கள் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம். மார்க்கெட்டிங், ஆங்கில எழுத்து இரண்டையும் அங்கே எடுக்கட்டும். சென்னை மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. என்னென்ன படிப்பு, எவ்வளவு கட்டணம் என்று அங்கே நேரடியாக விசாரித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பெரிய போட்டிகளில் தன்னார்வலராகப் போவதும் நல்ல படிப்புதான். 2025 கடைசியில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை மதுரைக்கே வந்தது, பஸ் ஏறினால் போய்விடும் தூரம். முதலமைச்சர் கோப்பை விளையாட்டுப் போட்டி ஆண்டுதோறும் மாவட்டத்திலேயே தொடங்குகிறது. ஊடகப் பிரிவில் எடுபிடி வேலை கிடைத்தாலும் போகச் சொல்லுங்கள்.

இன்னொன்று நான் மிகவும் விரும்புவது. ராமநாதபுரம், சிவகங்கை இரண்டு மாவட்டக் கல்லூரிகளும் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ்தான் வருகின்றன. ஒவ்வொரு கல்லூரியிலும் விளையாட்டுச் செய்தி அனுப்புகிற ஒருவர் இருப்பார். அவர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து, மாதம் ஒருமுறை ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்திக் கொடுக்கலாம். சங்கம் இல்லாத ஊரில் அதுதான் சங்கம். உங்கள் மகளே தொடங்கட்டும்.

டிப்ளமா கம்பெனிக்கு அவள் கேட்க வேண்டிய கேள்விகள்: சான்றிதழ் தரும் பல்கலைக்கழகம் எது, அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) அங்கீகாரம் உண்டா, போன ஆண்டு முடித்த இரண்டு பேரிடம் போனில் பேச வைப்பார்களா, பாதியில் நின்றால் பணம் திரும்புமா. 'இன்றைக்குள் கட்டினால் தள்ளுபடி' என்று அவசரப்படுத்தினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கேள்விக்கெல்லாம் நல்ல பதில் வந்தாலும், கட்டணத்தில் ஒரு பங்கைக் கல்லூரி ஏற்குமா என்று நிர்வாகத்திடம் ஒரு விண்ணப்பம் கொடுக்கட்டும். அவள் கற்றுக்கொண்டால் லாபம் அவர்களுக்கும்தானே.

அடுத்த சனிக்கிழமை அவளை என்னிடம் அனுப்புங்கள். இதுவரை அனுப்பிய செய்திக் குறிப்புகளில் ஐந்து, ஒரு ஸ்பான்சர் கடிதம், தன்னுடைய ஒப்பந்த நகல் மூன்றையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசிக்கொள்வோம்.