தலைக்காயத்துக்குப் பின் வரும் கோபம்: மாத்திரை பற்றிச் சில கேள்விகள்

பைக்கில் விழுந்து ரெண்டு மாசமாச்சுங்க. ஊட்டுக்கு வந்ததிலிருந்து தம்பி எதுக்கெடுத்தாலும் அடிக்க வர்றான். ஊசி போட்டுத் தூங்க வெச்சுரலாமுங்களா? (பல்லடம்)

முதலில் மருந்துச் சீட்டைப் பாருங்கள். லெவெடிராசிட்டம் இருக்கிறதா? வலிப்பைத் தடுக்கத் தரும் இந்த மாத்திரையே சிலருக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். வலிப்பே வராதவருக்கு இது பொதுவாக முதல் 7 நாளுக்குத்தான். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியதையே மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது நம் பக்கம் சகஜம். நீங்களாக நிறுத்தாதீர்கள், நரம்பியல் மருத்துவர் குறைப்பார் அல்லது மாற்றுவார்.

அடுத்து, அவரால் சொல்லத் தெரியாமல் கோபமாக வெளிவரும் உபாதைகள் இருக்கிறதா என்று பாருங்கள்: மலச்சிக்கல், முட்டி நிற்கும் சிறுநீர், தோள்வலி, ராத்தூக்கமின்மை, ரத்தத்தில் சோடியம் குறைவு. கோபத்தோடு வாந்தி, அரைமயக்கம், நடைத் தள்ளாட்டம் புதிதாகச் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஸ்கேன் தேவைப்படும்.

நீங்கள் கேட்ட தூங்க வைக்கும் ஊசிகள் (ஹாலோபெரிடால், லோராசிபாம்) ஆபத்தான நேரத்துக்கு மட்டும். தினசரி ஓடினால் ஞாபகம் மங்கும், பிசியோதெரபிக்கு எழவே மாட்டார். லோராசிபாம் சிலருக்கு ஆவேசத்தைக் கூட்டியும் விடும்.

இந்தக் கோபத்துக்கு ஓரளவு ஆய்வுச் சான்று உள்ளது, நாடியையும் பிரஷரையும் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரைக்குத்தான். சிறு அளவில், 20 மி.கி. போலத் தொடங்கி, நாடியும் பிரஷரும் பார்த்துப் படிப்படியாக ஏற்றுவார்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. பஞ்சாலையில் வேலை பார்த்து வீசிங் வந்தவர் என்றால் அதை மறக்காமல் சொல்லுங்கள். நாடி 60-க்குக் கீழே போனால் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். திடீரென நிறுத்தினால் படபடப்பும் பிரஷரும் எகிறும்.

அமன்டடின் ஆரம்பிச்சதுக்கப்புறம் அப்பா ராத்திரி பூரா முழிச்சுக்கிறாருங்க. (கோபி)

இது மூளையின் விழிப்பைக் கூட்டும் மாத்திரை. ரெண்டாவது வேளையை எத்தனை மணிக்குத் தருகிறீர்கள்? காலையில் ஒன்று, மதியம் 2 மணிக்குள் ஒன்று, ராத்திரிக்கு வேண்டாம். இல்லாத ஆள் நிற்பதாகச் சொன்னாலோ கால் வீங்கினாலோ உடனே தெரிவியுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு குறைய வேண்டும்.

அண்ணன் திடீர் திடீர்னு அழுகறாருங்க, ஆனா மனசுல கவலை இல்லைங்கறாரு. மந்திரிக்கச் சொல்றாங்க. (தாராபுரம்)

அழுகையை அடக்கும் நரம்புப் பாதை அடிபட்டதன் விளைவு. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் மாத்திரையை 25 மி.கி.யில் தொடங்குவார்கள். மனச்சோர்வு குறைய வாரக்கணக்கில் ஆகும், இந்த அழுகை பெரும்பாலும் சீக்கிரமே குறையும். மந்திரிப்பது உங்கள் விருப்பம், மாத்திரை நிற்கக் கூடாது.

விசேஷத்துல கொஞ்சம் குடிச்சா? (பவானி)

கூடவே கூடாது. வலிப்பு வரலாம்.

மாத்திரை எத்தனை நாளைக்குங்க? (கரூர்)

மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் அதை முடிவு செய்ய முடியும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு மாத்திரையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். ரெண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது. எப்போது கோபம், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என நோட்டில் குறித்து வாருங்கள். அந்த நோட்டில் மாற்றமே இல்லையென்றால், அந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.