காரை வீட்டடியில் விட்டுவிட்டு றாப்ரர்ஸ் பார்க்கப் போங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: கனடா வந்து ஐந்து மாதம், ஸ்காபுறோவில் எக்ளிங்டன் பக்கம் வீடு, ஏழு வயது மகன் ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான றாப்ரர்ஸின் ஆட்டம் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். ஜனவரியில் மூன்று பேருமாகப் போக எங்கே ரிக்கெற் எடுப்பது, காரை எங்கே விடுவது, என்னென்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் லீஃப்ஸ் ஹொக்கியும் பார்க்கலாமா என்று ஒரு வரி.

காரில் இருந்து தொடங்குகிறேன். மண்டபம் வரை கொண்டுபோகாதீர்கள். ஆட்டம் நடக்கும் ஸ்கோஷியாபாங்க் அரீனா இருப்பது 40 பே வீதியில், நகர மையத்து யூனியன் ரெயில் ஸ்ரேசனோடு ஒட்டினாற்போல. கிழமை நாள் ஆட்டம் பெரும்பாலும் இரவு 7:30க்கு. அதற்காக நீங்கள் வெளிக்கிடும் நேரம்தான் டிவிபி, கார்டினர் நெடுஞ்சாலைகள் அசையாமல் நிற்கும் நேரம். சுற்றியுள்ள தரிப்பிடங்கள் ஆட்ட நாளில் வேறு விலை போடும். அதைவிட மோசம் திரும்புகிற நேரம்: கூடைப்பந்துக்கு 19,800 பேர் கொள்ளும் மண்டபம் ஒரே நேரத்தில் காலியாகும்போது நிலத்தடித் தரிப்பிடத்தில் இருந்து வீதிக்கு ஏறவே பொறுமை போய்விடும். ரெயினில் போனால் மேடையில் இறங்கியதில் இருந்து உங்கள் இருக்கை வரை கூரைக்குக் கீழேயே நடக்கலாம், ஜனவரிக் குளிர் முகத்தில் படாது. யூனியனுக்குள் அரீனாவின் பெயர் எழுதிய பலகைகளைப் பின்தொடர்ந்தால் நீளமான கூடம் ஒன்று நேரே வாசலில் கொண்டுபோய் விடும். பழைய ஆட்கள் இன்னும் 'ஏர் கனடா சென்ரர்' என்பார்கள். 1999இல் திறந்ததில் இருந்து 2018 வரை அதுதான் பெயர், கட்டடம் ஒன்றுதான். றொஜர்ஸ் சென்ரர் என்பது வேறு. அது பேஸ்போல் விளையாடும் இடம், அங்கே போய் நிற்காதீர்கள்.

உங்கள் வீட்டில் இருந்து இரண்டு வழி. ஒன்று, எக்ளிங்டன் கோ (ரொறன்ரோவையும் சுற்றுப்புற ஊர்களையும் இணைக்கும் ரெயின் சேவை) ஸ்ரேசனில் லேக்‌ஷோர் ஈஸ்ற் ரெயின் ஏறி நேரே யூனியன், அரை மணி அளவில் போய்விடலாம். அங்கே காரை இலவசமாக விடலாம் என்பதால் பிள்ளையோடு போகிறவர்களுக்கு இதுவே நல்லது. மற்றது, பஸ்ஸில் கெனடி போய், அங்கிருந்து லைன் 2 சப்வேயில் புளோர்-யங், பிறகு லைன் 1இல் தெற்கே ஆறு தரிப்பு. கொஞ்சம் மலிவு, ஆனால் கூடுதல் நேரம், ஒரு மாற்றமும் கூட. வேலை முடிகிற நேரத்தில் புளோர்-யங் மேடை எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்தால் பிள்ளையின் கையை விடமாட்டீர்கள்.

பிறெஸ்ரோ என்ற பயணக் காட், வங்கிக் காட், போன் எதைத் தட்டினாலும் சரி. நகரப் பஸ்ஸும் சப்வேயும் ஓட்டும் ரி.ரி.சி.யில் பெரியவருக்கு 3.30 டொலர், 2 மணி நேரத்துக்கு மாறி மாறி ஏறலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு ரி.ரி.சி.யும் கோவும் இலவசம், அதனால் மகனுக்குச் செலவில்லை. 2024 பெப்ரவரியில் இருந்து ரி.ரி.சி. பஸ்ஸில் போய்க் கோ ரெயின் ஏறினால் பஸ் காசு கழிபடும். இங்கேதான் பலர் பிழை விடுவது: பஸ்ஸில் போனைத் தட்டிவிட்டு, ரெயினுக்கு அதே வங்கிக் காட்டை எடுத்துத் தட்டுவார்கள். கணக்கு ஒன்றாக இருந்தாலும் இயந்திரத்துக்கு அது இரண்டு வேறு காட், கழிவு கிடைக்காது. எதைத் தட்டித் தொடங்கினீர்களோ அதையே கடைசி வரை தட்டுங்கள். ஒரே காட்டை இரண்டு பேருக்குத் தட்டவும் முடியாது, மனைவிக்குத் தனிக் காட் வேண்டும். கோ ரெயினில் ஏறும்போதும் தட்ட வேண்டும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். சனி, ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் கோவுக்கு 10 டொலர் நாள் ரிக்கெற் ஒன்று இருக்கிறது, இணையத்தில் எடுக்கலாம். உங்கள் போக்குவரத்துக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எது குறைவோ அதை எடுங்கள்.

ஆட்டத்துக்கு முதல் நாள் ஒருமுறையும், வெளிக்கிட முன் ஒருமுறையும் சேவை அறிவித்தல்களைப் பாருங்கள். வார இறுதியில் லைன் 1இன் ஒரு துண்டை மூடிவிட்டுப் பஸ் விடுவது இந்த ஊரில் வழமை. கோ ரெயினிலும் தண்டவாள வேலை என்று நேர அட்டவணை மாறும். 7:30 ஆட்டத்துக்கு 6:30க்கு யூனியனில் இறங்குவது போலத் திட்டமிட்டால் ஒரு ரெயின் தவறினாலும் சமாளிக்கலாம்.

இனி ரிக்கெற். றாப்ரர்ஸுக்கு ஒரு பருவத்தில் சொந்த மண்ணில் 41 ஆட்டம், ஒக்ரோபரில் இருந்து ஏப்ரல் வரை. விலையைத் தீர்மானிப்பது யார் வருகிறார்கள், எந்தக் கிழமை என்ற இரண்டும்தான். லேக்கர்ஸ், வாரியர்ஸ் போன்ற மேற்குப் பிரிவு அணிகள் பருவத்துக்கு ஒரே ஒரு தடவைதான் இங்கே வரும், அதனால் அந்த நாள் விலை ஏறும். முதல் தடவை போகிறவர்கள், திங்கள் முதல் வியாழன் வரை, பட்டியலில் கீழே கிடக்கும் அணியோடு நடக்கும் ஆட்டமாகப் பார்த்து எடுங்கள். பிள்ளைக்கு வெளிச்சமும் சத்தமும் இடைவேளை விளையாட்டும் ஒன்றுதான், எதிரணி யார் என்பது அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு நட்சத்திர வீரரை நம்பிப் பெரிய காசு போட்டு வாங்குவது எனக்கு உடன்பாடில்லை. காயம், ஓய்வு என்று அவர் அன்று இறங்காமல் விட்டால் காசு திரும்பாது.

மகனுக்குப் பள்ளிக்கூடம் என்பதையும் கணக்கில் எடுங்கள். 7:30 என்றால் பந்து மேலே எறியப்படுவது 7:40 அளவில். நான்கு கால்பகுதி, ஒவ்வொன்றும் 12 நிமிடம், நடுவில் 15 நிமிட இடைவேளை. ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் முடிய இரண்டேகால், இரண்டரை மணி நேரமாகும். வீட்டுக்கு வர 11 மணி தாண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் 6 மணிக்கோ அதற்கு முன்னமோ தொடங்கும் ஆட்டங்கள் சில இருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் சின்னப் பிள்ளையோடு போக அதுதான் நல்லது.

வாங்குவது ரிக்கெற்மாஸ்ரரில். அங்கே முதல் விற்பனை ரிக்கெற்றும், மற்றவர்கள் திருப்பி விற்கும் ரிக்கெற்றும் ஒரே வரைபடத்தில் கலந்திருக்கும், எது எது என்று பார்த்து எடுங்கள். மறுவிற்பனைத் தளங்களில் பார்க்கும்போது விலை கனடா டொலரா, அமெரிக்க டொலரா என்றும் பாருங்கள். எங்கே வாங்கினாலும் முதலில் காட்டும் விலையை நம்பாமல், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து வரும் கடைசித் தொகையைத்தான் ஒப்பிட வேண்டும். ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கையில் விலை இறங்கும் என்று சொல்வார்கள். அது இறங்குவதும் உண்டு. ஒற்றை ஆளுக்கு அது சரி. மூன்று இருக்கை பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

ரிக்கெற் போனில் மட்டும்தான். அந்த பார்கோட் சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் ஸ்கிறீன்ஷொட் எடுத்து வைத்தால் வாசலில் செல்லாது. இதைத் தெரிந்துவைத்தால் ஏமாற்றுக்காரரையும் கண்டுபிடிக்கலாம். வாட்ஸப் குழுவில் யாராவது "அவசரமாக மூன்று ரிக்கெற் இருக்கு" என்று படத்தை அனுப்பினாலோ, யூனியன் வாசலில் தாளை நீட்டினாலோ வாங்க வேண்டாம். உண்மையான ரிக்கெற் என்றால் செயலிக்குள்ளேயே உங்கள் கணக்குக்கு மாற்றிவிட முடியும். அது உங்கள் கணக்கில் வந்து விழுமுன் இ-ரான்ஸ்ஃபரில் (இணைய வங்கி வழியாக) காசு அனுப்பினால், போன காசு போனதுதான்.

வெளிக்கிட முன், வீட்டு வைஃபையிலேயே மூன்று ரிக்கெற்றையும் போனின் வொலெற்றில் சேர்த்துவிடுங்கள். வாசலில் ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் இணைப்பைத் தேடும்போது செயலி சுற்றிக்கொண்டே நிற்கும். ஒரே போனில் மூன்றும் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிக் காட்டலாம். மனைவி வேலையில் இருந்து தனியாக வருவார் என்றால் அவருடையதை முன்னரே அவருக்கு மாற்றிவிடுங்கள். போன் சார்ஜ் முடிந்தால் ரிக்கெற்றும் இல்லை, வீடு திரும்பக் காட்டும் இல்லை.

இருக்கை விடயத்தில் 100இல் தொடங்கும் இலக்கங்கள் கீழ்த்தட்டு, 300இல் தொடங்குபவை மேல்தட்டு. கூடைப்பந்துக்கு என்னைக் கேட்டால், கீழே கூடைக்குப் பின்னால் இருப்பதைவிட மேலே நடுக்கோட்டுக்கு நேராக, முன்வரிசைகளில் இருப்பது மேல். கீழே கூடைக்குப் பின்னால் மறு பாதியில் நடப்பது தட்டையாகத்தான் தெரியும், பலகையும் கண்ணை மறைக்கும். மேலே இருந்தால் பத்துப் பேரும் எங்கே ஓடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் மேல்தட்டுப் படிகள் செங்குத்து. முழங்கால் வருத்தம் உள்ள அப்பா, அம்மாவைக் கூட்டிப்போவதாக இருந்தால் அங்கே எடுக்காதீர்கள். பிள்ளையோடு போகிறவர்கள் நடைபாதை ஓர இருக்கையாகப் பாருங்கள், கழிப்பறைக்குப் போக எட்டுப் பேரை எழுப்ப வேண்டாம்.

பையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடப் பை மாதிரிப் பெரிதாக எதுவும் வேண்டாம். எவ்வளவு பெரிய பை விடுவார்கள் என்பது அரீனாவின் இணையத்தளத்தில் இருக்கும், மாற்றிக்கொண்டும் இருப்பார்கள், அன்றைக்குப் பாருங்கள். குளிர்கால ஜக்கெற்றின் பொக்கெற்றுகளே போதும். வாசலில் உலோகச் சோதனை இருக்கும். லென்ஸ் கழற்றும் பெரிய கமெரா, செல்ஃபி தடி, வெளிச் சாப்பாடு எல்லாம் அங்கே நின்றுவிடும். சோற்றுப் பொதியும் அதில் அடக்கம், அதை யூனியனிலேயே இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உள்ளே விலை கூட, வரிசையும் நீளம். கைக்காசு எடுக்கமாட்டார்கள், காட் வேண்டும். ஒருமுறை உள்ளே போனால் வெளியே போய்த் திரும்பி வர விடமாட்டார்கள், அதனால் எதையும் காரிலோ கோ ஸ்ரேசனிலோ விட்டுவிட்டு வர நினைக்காதீர்கள்.

உள்ளே போனதும் சத்தம் பிள்ளையைப் பயப்படுத்தலாம். கேட்கும் சத்தத்தைக் குறைக்கும் காதுமூடி ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள். முதலில் அமெரிக்கக் கீதம், பிறகு கனடாக் கீதம், இரண்டுக்கும் எழுந்து தொப்பியைக் கழற்றுங்கள். என்பிஏ என்ற இந்தக் கூடைப்பந்துத் தொடரில் கனடாவில் இருக்கும் ஒரே அணி இது, எதிரணி எப்போதும் அமெரிக்க அணிதான், அதனால் இங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு கீதம். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் இடைவேளையில் போகாமல், இரண்டாம் கால்பகுதி முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கையிலேயே எழுந்து போய்விடுங்கள்.

ரொறன்ரோவின் ஹொக்கி அணியான லீஃப்ஸ் என்றால், அதே மண்டபம்தான், ஆனால் ரிக்கெற் விலை வேறு உலகம். சனி இரவு, மொன்றியால் அணி வரும் நாள் எல்லாம் தொடவே முடியாது. ஹொக்கி எப்படி இருக்கும் என்று பார்க்க மட்டும் ஆசை என்றால், எக்ஸிபிஷன் பிளேஸில் இருக்கும் கோக்கக்கோலா கொலிசியத்தில் மார்லீஸ் அணியின் ஆட்டம் பாருங்கள். லீஃப்ஸுக்கு வீரர்களைத் தயார்செய்யும் அணி அது. பெண்கள் ஹொக்கியின் செப்ரர்ஸ் அணியும் அங்கேதான். மண்டபம் சின்னது, பனித்தரை கிட்ட இருக்கும், விலையும் தாங்கும். கூடைப்பந்து மாதிரி இல்லை, கீழ்வரிசையில் குளிரும், ஜக்கெற்றைக் கழற்ற வேண்டாம். ஆட்டம் நடக்கையில் இருக்கைக்கு இறங்க விடமாட்டார்கள், விசில் ஊதும்வரை படியில் நிற்க வேண்டும். பக் என்ற ரப்பர் வட்டு பறந்து வரும், போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

திரும்பும்போது அவசரப்பட வேண்டாம். முடிந்த கையோடு ஓடினால் கூடத்தில் நெரிபடுவீர்கள். பத்து நிமிடம் இருக்கையிலேயே இருந்துவிட்டு எழும்புங்கள். சப்வேயில் போவதாக இருந்தால், யூனியனில் ஃபிஞ்ச் பக்கத்துக்கும் யூனிவேர்சிற்றி பக்கத்துக்கும் தனித்தனி மேடை. உங்களுக்கு ஃபிஞ்ச் மேடை. கோ என்றால், எந்த மேடை என்பது திரையில் புறப்படக் கொஞ்ச நேரம் முன்னர்தான் வரும், அதுவரை கீழ்க்கூடத்தில் நில்லுங்கள். லேக்‌ஷோர் என்ற பெயரில் கிழக்கே போவதும் உண்டு, மேற்கே போவதும் உண்டு. உங்களுடையது ஒஷாவா பக்கம். எக்ளிங்டனில் நிற்குமா என்று தரிப்புப் பட்டியலையும் பாருங்கள், சில ரெயின்கள் ஸ்காபுறோவில் நிற்காமல் போகும். இறங்கியதும் காட்டைத் தட்டுங்கள், இல்லாவிட்டால் கூடிய தூரத்துக்கான காசு எடுபடும். நித்திரையான பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மேடையைக் கடக்கும்போதுதான் அது மறக்கும்.